பஞ்சு வீடு திரும்ப ஒரு கார்

என் வீட்டுக்காரரை அவர் வேலை செய்யும் இடத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பஞ்சு என்றுதான் கூப்பிடுவார்கள். ஆளைப் பார்த்து வைத்த பெயர் இல்லை அது. ஆறடி உயரம், வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும் தோள். வண்டி ஓட்டுகிற பதத்துக்காக வந்த பெயர். இருபத்தொரு வருடமாக அமரர் ஊர்தி ஓட்டுகிறார். இறந்தவரை ஏற்றிக்கொண்டு, பின்னால் அழுதுகொண்டு வருகிறவர்களின் கார் ஒன்றுகூடப் பிந்திப்போகாமல், மணிக்கு இருபது கிலோமீட்டரில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் வேலை. வண்டிக்குள் டம்ளர் நிறையத் தண்ணீர் வைத்தாலும் தளும்பாது என்று முதலாளி புது ஆட்களிடம் சொல்வாராம். இத்தனை வருடத்தில் ஹாரன் அடித்ததே இல்லை. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். ஆனால் அவரோடு சேர்ந்து ஒரு முறை சாலையைக் கடந்து பாருங்கள், என் பாடு புரியும்.

நான் அதற்கு நேர் எதிர். துணிகளை அளவுக்குத் திருத்தித் தரும் கடை ஒன்றில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன். பேன்ட் நீளம் குறைப்போம், இடுப்பு பிடிப்போம், ஜன்னல் திரைச்சீலையும் தைப்போம். வாரத்துக்கு இரண்டு நாள் கடை வேனில் திரைச்சீலைகளைப் போட்டுக்கொண்டு போய் வீடு வீடாக மாட்டிவிட்டு வருவதும் நான்தான். நான் வேன் ஓட்டுவதைப் பற்றிக் கடையில் நிறையக் கதை சொல்வார்கள். அதில் பாதிதான் உண்மை.

வேலையில் அவருக்கு ஒரு முறை உண்டு. போய்ச் சேர்ந்ததும் இறங்குவார். அவசரப்படாமல் பின்னால் போய், மேல் நோக்கித் திறக்கும் அந்தப் பெரிய கதவைச் சத்தமில்லாமல் தூக்குவார். பிறகு ஓர் அடி தள்ளி நின்று, தொப்பியைக் கழற்றி, இரண்டு கையையும் முன்னால் கோத்துக்கொண்டு தலையைக் குனிந்து நிற்பார். வீட்டார் தயாராகும்வரை அப்படியே நிற்பார். மழையானாலும் வெயிலானாலும் அப்படித்தான். ஒரு முறை கடை வேனில் அந்தப் பக்கம் போனபோது தூரத்தில் நின்று பார்த்தேன். முகத்தில் ஒன்றுமே இருக்காது. தன் துக்கத்தையும் காட்டாமல், சந்தோஷத்தையும் காட்டாமல், யாரோ ஒருவருடைய அழுகைக்கு இடம் விட்டு நிற்கிற முகம். எனக்கு அவர்மேல் அன்றைக்கு வந்த மரியாதை வேறு. ஆனால் அந்த முகத்தை வீட்டில் வைத்துக்கொண்டு காலம் தள்ள முடியாது.

அந்த முகம் பல வருடம் வீட்டுக்கு வரவே இல்லை. அதற்குக் காரணம் வெடி.

வெடி என்பதும் பட்டப்பெயர்தான். அவரோடு வேலையில் சவப்பெட்டி தூக்குகிறவர், எங்கள் வீட்டைத் தாண்டிக் குடியிருந்தார். அடக்கமாக நிற்க வேண்டிய வேலையில் ஒன்பது மணி நேரம் வாயைக் கட்டிப்போட்டு, ஆறு மணிக்கு அவிழ்த்துவிடுகிற மனுஷர். அவரிடம் ஒரு பழைய கரும்பச்சைக் கார் இருந்தது. உருவம் சின்னது, இன்ஜின் பெரியது, சத்தம் அதைவிடப் பெரியது. பதினாறு வருடம் என் வீட்டுக்காரர் அந்தக் காரில்தான் வீட்டுக்கு வந்தார். முப்பத்தைந்து நிமிடப் பயணம். தெருமுனையில் அது உறுமும்போதே நான் அடுப்பைப் பற்ற வைப்பேன். இவர் சிரித்துக்கொண்டே உள்ளே வருவார், ஷூவைக் கழற்றும்போது சிரிப்பார், வெடி சொன்ன கதையை எனக்குச் சொல்ல ஆரம்பித்து, பாதியில் தானே சிரித்துக் கெடுத்துவிடுவார். நான் முறைப்பேன். "பசிக்குதா இல்லையா, அதை முதல்ல சொல்லுங்க" என்பேன். என் வீட்டுக்காரர் சுபாவத்திலேயே சிரித்த முகம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு பெரிய மடச்சி நான்.

போன வருடம் வெடி போய்விட்டார். நாற்பத்தொன்பது வயது, நெஞ்சுவலி, அவ்வளவுதான். அன்றைக்கு ஊர்தியை வேறு யாரிடமும் கொடுக்காமல் இவரே ஓட்டினார். அன்றும் தண்ணீர் தளும்பியிருக்காது.

மறுநாளிலிருந்து பஸ். இரண்டு பஸ் மாற வேண்டும், ஒன்றேகால் மணி நேரம். அந்த முகம் அப்படியே பஸ் ஏறி, அப்படியே இறங்கி, அப்படியே என் சமையலறைக்குள் வந்து உட்கார்ந்தது. ஒரு நாள் நான் உப்புப் போட மறந்துவிட்டேன். "நல்லாருக்கு" என்று சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார். அவர் சண்டை போட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன்.

பதினோரு மாதம் பொறுத்தேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, "கார் வாங்கப் போறோம்" என்று அறிவித்தேன். எனக்கு வேண்டியது கார் இல்லை. அந்தச் சிரிப்பு திரும்பி வர வேண்டும். அது ஒரு காரில்தான் வந்துகொண்டிருந்தது, அதனால் வேறொரு காரில் வரும் என்று கணக்குப் போட்டேன்.

எங்கள் மகள் கல்லூரி இறுதியாண்டு. எதை வாங்கினாலும் முதலில் பத்துப் பேர் எழுதியதைப் படித்துவிடுவாள். தினமும் வேலைக்குப் போய்வர எது நல்லது என்று ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்தாள். பெட்ரோல் கம்மியாகக் குடிப்பது, உதிரிபாகம் எளிதில் கிடைப்பது, இடித்தால் நசுங்காதது.

"அப்பாவுக்கு ஓட்ட ஜாலியா இருக்கணும், அதை எழுதினியா?" என்று கேட்டேன்.

"அப்பாவா?" என்றாள். "அம்மா, அப்பா மஞ்சள் விளக்குக்கே அஞ்சு நிமிஷம் முன்னாடி நிப்பாரு."

"எழுதுடி" என்றேன். எழுதினாள்.

பழைய கார் விற்கும் இடம் ஊருக்கு வெளியே, பெரிய தகரக் கூரைக்குக் கீழே இருந்தது. புதுக் கார் எங்களுக்குக் கட்டுப்படியாகாது, அதைப் பற்றி வீட்டில் பேச்சே எழவில்லை. விற்பனைக்காரர் இளைஞர், நல்ல பேச்சு, நல்ல சட்டை. பேன்ட் மட்டும் இரண்டு அங்குலம் நீளம். நடக்கும்போது குதிகாலுக்குக் கீழே மாட்டி மாட்டித் தேய்ந்திருந்தது. காரைப் பார் காரைப் பார் என்று நானே எனக்குச் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

முதலில் ஒரு சாம்பல் நிறக் கார் காட்டினார். நீளமானது, அகலமான சீட், கதவு மூடினால் வெளிச்சத்தம் ஒரு துளி உள்ளே வராது. இவர் ஏறி உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்தார். முதுகு தானாக நிமிர்ந்தது. கண் நேரே பார்த்தது. அந்த முகம் வந்து உட்கார்ந்துவிட்டது. "இறங்குங்க" என்றேன். விற்பனைக்காரர் என்ன குறை என்று கேட்டார். "ஒரு குறையும் இல்ல தம்பி, அதான் வேணாம்னு சொல்றேன்" என்றேன்.

அடுத்தது மகளின் பட்டியலில் முதலில் இருந்த வெள்ளைக் கார். நல்ல கார்தான். ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, "பரவால்ல" என்றார். உப்பில்லாத குழம்புக்குச் சொன்ன அதே குரல்.

மூன்றாவது ஒரு மஞ்சள் கார் ஓரமாக நின்றது. மூன்று வருடம் ஓடியது. சின்னதுதான், ஆனால் தரையோடு தரையாக உட்கார்ந்து, பெரிய சக்கரம், பின்னால் இரண்டு சைலன்சர். சின்னக் குடும்பக் காருக்குள் பெரிய இன்ஜினைத் திணித்து, வேகத்தைக் கூட்ட டர்போ வைத்து, பின்கதவு மேல் நோக்கித் திறக்கிற மாதிரி செய்துவிட்டால் அதற்கு ஹாட் ஹேட்ச் என்று பெயராம். விற்பனைக்காரர் உள்ளதைச் சொன்னார். பெட்ரோல் கொஞ்சம் கூடத்தான் குடிக்கும், சஸ்பென்ஷன் கெட்டி, வேகத்தடையில் ஏறினால் முதுகுக்குத் தெரியும், மற்றபடி இந்த விலைக்கு இவ்வளவு குஷியான வண்டி வேறு கிடையாது. நான் என் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து முன் சீட்டுக்கும் பெடலுக்கும் இடையே அளந்தேன். அவர் காலுக்குப் போதும். டிக்கியையும் அளந்தேன். சந்தைப் பைகள் நாலு வைக்கலாம்.

இவர் அந்தக் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். சைலன்சர் பக்கத்தில் மட்டும் கொஞ்சம் கூடுதல் நேரம் நின்றார்.

ஓட்டிப் பார்க்க மூன்று பேரும் ஏறினோம். விற்பனைக்காரர் முன்னால், நான் பின்னால். வாசல் தாண்டியதும் அகலமான நேர்ச்சாலை, ஞாயிற்றுக்கிழமை, ஒரு ஈ காக்கை இல்லை. இவர் மணிக்கு இருபது கிலோமீட்டரில் போனார். கெட்டி சஸ்பென்ஷன் என்றாரே, ஒன்றுமே தெரியவில்லை. அவ்வளவு பக்குவமாகக் குழி குழியாகப் பார்த்து இறக்கி ஏற்றினார். ஒரு சைக்கிள்காரர் எங்களை முந்திக்கொண்டு போனார்.

"சார், கொஞ்சம் மிதிங்க சார். ரெண்டுலயே வச்சு நல்லா மிதிச்சா டர்போ எழுந்துக்கும்."

"ம்" என்றார். டர்போ எழுந்துகொள்ளவில்லை. அது தூங்கட்டும் என்று விட்டுவிட்டார்.

திரும்பி வந்து, தகரக் கூரைக்கு முன்னால் கார் நின்றதே தெரியாமல் நிறுத்தினார். இறங்கினார். பின்னால் போனார். பின்கதவைச் சத்தமில்லாமல் தூக்கினார். ஓர் அடி தள்ளி நின்று, கையைக் கோத்துக்கொண்டு, தலையைக் குனிந்தார்.

விற்பனைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் ஆறடி மனுஷர் ஒருவர் அப்படி நிற்கும்போது பக்கத்தில் இருக்கிறவருக்கு வேறு மாதிரி நிற்க வராது போல. அவரும் கையைக் கோத்துக்கொண்டு குனிந்தார். அந்தப் பக்கம் வேறு கார் பார்த்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம் பேச்சை நிறுத்தியது. காலி டிக்கியைப் பார்த்துக்கொண்டு எல்லோரும் நின்றோம். முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அதற்குள் அவர் நிமிர்ந்தார், தான் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துகொண்டார், முகம் வெளுத்தது.

கதவை மூடினார். "எனக்கு இதெல்லாம் ஒத்து வராது. வா, போலாம்" என்றார்.

பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தோம். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே அவர் தானாகவே பேசினார். பதினோரு மாதத்தில் வெடியைப் பற்றி வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

"என் கால் வேற மாதிரி பழகிடுச்சு. ஸ்டீயரிங்கைத் தொட்டா பின்னால யாரோ படுத்திருக்காங்கன்னே தோணுது."

"சரி."

"வெடி ஓட்டறப்ப நான் ஒண்ணுமே பண்ண மாட்டேன். கையை மடியில போட்டுக்கிட்டு உக்காந்திருப்பேன். அவன் பாட்டுக்கு ஓட்டுவான், கத்துவான், குறுக்க வர்றவனையெல்லாம் திட்டுவான். நான் சும்மா உக்காந்திருப்பேன்."

அவ்வளவுதான் சொன்னார். எனக்குப் பஸ்ஸிலேயே தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. வீட்டில் ஓட்டுநர் இருக்கிறார், அவருக்குக் கார் என்றே நான், மகள், விற்பனைக்காரர் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தோம். நாள் முழுக்க ஓட்டுகிற மனுஷரைக் கொண்டுபோய் இன்னொரு ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்கார வைத்து, சிரி என்றால் எங்கிருந்து சிரிப்பார்? அவருக்கு வேண்டியிருந்தது பக்கத்து சீட்.

அடுத்த சனிக்கிழமை அவரை மறுபடி அங்கே இழுத்துக்கொண்டு போனேன். மஞ்சள் கார் அதே இடத்தில் நின்றது. விற்பனைக்காரர் எங்களைப் பார்த்ததும் கொஞ்சம் தயங்கினார். போன தடவை யாரை நினைத்துக் குனிந்தோம் என்று அவருக்கு இன்னும் தெரியாது.

"சாவியைக் குடுங்க தம்பி" என்றேன். "நீங்க பின்னால ஏறுங்க. சார் முன்னால உக்காருவாரு. நான் ஓட்டறேன்."

"நீயா?" என்றார் இவர்.

"ஏன், பதினெட்டு வருஷமா அந்த வேனை உங்க முதலாளியா வந்து ஓட்டிக்கிட்டு இருக்காரு?"

நேர்ச்சாலைக்கு வந்தேன். இரண்டு, மூன்று. வேனில் மிதிக்கிற மாதிரியே மிதித்தேன். வேன் யோசித்துவிட்டுப் போகும், இது யோசிக்கவில்லை. முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது, பின்னால் சைலன்சர் இரண்டும் உறுமின, விற்பனைக்காரர் "மேடம், மேடம்" என்றார். முன்னால் ஒரு லாரி நடு ரோட்டில் ஆடி அசைந்து போய்க்கொண்டிருந்தது. ஹாரனை அழுத்தினேன். நன்றாகவே அழுத்தினேன்.

"அடிக்காதடி" என்றார் இவர், பதறிப்போய்.

"அவன் காதுல பஞ்சு வச்சிருக்கான், வேற என்ன பண்ண?" என்று இன்னும் ஒரு முறை அடித்தேன். லாரி ஒதுங்கியது. நான் ஜன்னலை இறக்கி, இவன் அப்பன் வீட்டு ரோடா என்று கேட்டுவிட்டுத் தாண்டினேன். அடுத்த வேகத்தடையைக் கவனிக்கவில்லை. மூன்று பேரும் எழும்பி விழுந்தோம். இவர் தலை கூரையில் இடித்தது.

பக்கத்து சீட்டிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மூக்கு வழியாக, அடக்கப் பார்த்து முடியாமல் வந்த சத்தம். திரும்பிப் பார்க்க முடியவில்லை, வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். ஓரக்கண்ணில் தெரிந்தது அவர் கை இரண்டும்தான். மடியில் இருந்தன.

காரை வாங்கிவிட்டோம். தாள்கள் தயாராகும் வரை உட்கார்ந்திருந்தபோது, விற்பனைக்காரரிடம் அந்தப் பேன்ட்டைப் பற்றிச் சொல்லியே விட்டேன். கடைக்குக் கொண்டு வந்தார். கூலி வாங்கவில்லை.

இப்போது காலையில் அவர் ஓட்டுகிறார். என்னைக் கடையில் இறக்கிவிட்டு அப்படியே வேலைக்குப் போவார். மஞ்சள் நிறத்தில், இரண்டு சைலன்சர் வைத்த அந்தக் கார், மணிக்கு இருபதில், பின்னால் பத்து வண்டிகளை வரிசையாக வைத்துக்கொண்டு போகும். எல்லோரும் ஹாரன் அடிப்பார்கள். நான் கண்ணை மூடிக்கொள்வேன். போகும்போது அவர் பஞ்சுவாகவே போகட்டும், அங்கே அவரை எதிர்பார்த்துக்கொண்டு அழுகிற வீடுகள் இருக்கின்றன. மாலை ஐந்தரைக்குக் கடை மூடியதும் நான் பஸ் பிடித்து அவருடைய நிறுவன வாசலுக்குப் போய் நிற்பேன். ஆறு மணிக்கு அந்த முகத்தோடு வெளியே வருவார். சாவியை என் கையில் போடுவார். பக்கத்து சீட்டில் ஏறிக் கையை மடியில் போட்டுக்கொள்வார். வெடி அளவுக்கு எனக்குக் கதை சொல்ல வராது. ஆனால் திட்ட வரும். கடையில் வந்து தொந்தியை உள்ளே இழுத்துக்கொண்டு அளவு கொடுக்கிறவர்களைப் பற்றிச் சொல்வேன், குறுக்கே வருகிறவனைத் திட்டுவேன், மறுபடி விட்ட இடத்திலிருந்து சொல்வேன். முதல் வாரம் "ம்" கொட்டினார். இரண்டாவது வாரம், "அந்த ஆளுக்கு அப்புறம் பேன்ட் பத்துச்சா?" என்று கேட்டார்.

மூன்றாவது வாரம் வெள்ளிக்கிழமை, வழியில் நிறுத்திக் காய்கறியும் ஒரு டஜன் முட்டையும் வாங்கி டிக்கியில் வைத்தோம். முட்டையை மடியில் வைத்துக்கொள்கிறேன் என்றார். பஸ்ஸில் அப்படித்தான் கொண்டுவருவார், ஒன்றுகூட விரிசல் விட்டதில்லை. "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, வைங்க" என்று நான்தான் வாங்கி வைத்தேன். எங்கள் தெருமுனையில் ஒரு வேகத்தடை உண்டு. அங்கே நான் ஒரு முக்கியமான கதையின் நடுவில் இருந்தேன்.

வீட்டு வாசலில் நிறுத்தினேன். அவர் இறங்கினார். பின்னால் போனார். பின்கதவைச் சத்தமில்லாமல் தூக்கினார். உள்ளே குனிந்து பார்த்தவர், அப்படியே ஓர் அடி தள்ளி நின்றார். தொப்பியைக் கழற்றினார். கையைக் கோத்துக்கொண்டு தலையைக் குனிந்தார்.

எனக்கு உயிரே போய்விட்டது. இத்தனை நாள் கழித்து மறுபடியுமா என்று பின்னால் ஓடினேன். அவர் நிமிரவில்லை.

"என்னங்க, என்னாச்சு?" என்றேன்.

"மூணு பேர் காலமாயிட்டாங்க" என்றார். "ஒருத்தர் கவலைக்கிடம்."

டிக்கியைப் பார்த்தேன். முட்டை அட்டையிலிருந்து மஞ்சளாக வழிந்துகொண்டிருந்தது. திரும்பி அவரைப் பார்த்தேன். முகம் வேலையில் இருக்கிற அதே முகம்தான், ஒரு சுருக்கம்கூட மாறவில்லை. தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. பிறகு முகமும் தாங்கவில்லை. தொப்பியால் வாயைப் பொத்திக்கொண்டு, அந்த ஆறடி உடம்பும் ஆட, கண்ணில் தண்ணீர் வழியச் சிரித்தார். சத்தம் கேட்டு மகள் வாசலுக்கு ஓடி வந்தாள்.

"யார் ஓட்டினது?" என்றாள், டிக்கியை எட்டிப் பார்த்துவிட்டு.

"உங்கம்மாதான்" என்றார், மூச்சு வாங்கிக்கொண்டே. "எனக்குப் பசிக்குது. மிச்சம் இருக்கறவங்களைக் காப்பாத்தி உள்ள கொண்டுபோ."